பேரையூரில் இருக்கும் அம்மாவுக்குப் பூ வாடாமல் போய்ச்சேர

மதுரைப் பக்கத்துப் பேரையூரில் இருக்கும் அம்மாவுக்குச் சென்ற முறை இணையத்தில் சொன்ன பூங்கொத்து வாடி வந்தது, இந்தப் பிறந்தநாளுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். மறுபடியும் இணையத்தில் பூங்கொத்து சொல்லிப் பணம் கட்ட வேண்டாம். அந்த ஊரிலேயே உள்ள பூக்கடைக்குத் தொலைபேசியில் நேரடியாகச் சொல்லி, ஜிபேயில் பணம் அனுப்பிவிடுங்கள். கடையின் எண்ணை அக்கம்பக்கத்து வீட்டார் யாரிடமாவது கேட்டால் கிடைத்துவிடும்.

சென்ற முறை பூ வாடி வந்ததற்குப் பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்: இணையத்தில் பூ விற்கும் தளங்கள் பல, பூவைத் தாங்களே கட்டாமல் அருகிலுள்ள நகரத்துக் கடையிடம் ஆர்டரை ஒப்படைக்கின்றன, சிற்றூருக்கு அப்படி ஒரு கடை அமையாதபோது பெட்டியில் வைத்துக் கூரியரில் போட்டுவிடுகிறார்கள். பின்கோடு ஏற்கப்பட்டது என்பதாலேயே அன்று பறித்த பூ வந்துசேரும் என்று பொருளல்ல. "எந்த ஊர்க் கடையில் கட்டுகிறீர்கள், யார் கொண்டுவருகிறார்கள்?" என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஊர்ப்பெயரைச் சொல்லத் தயங்கினால் கூரியர் என்றே கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், ரோஜாக் கொத்தைவிட மல்லிகைச் சரமே அம்மாவுக்கு நிறைவாக இருக்கும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி அந்தப் பக்கத்து விளைச்சல்தான். விடியலில் மொட்டாகப் பறிக்கப்பட்டு மாலையில்தான் விரியும். ஆகவே நெருக்கமாகக் கட்டிய சரத்தை வாழையிலையில் பொதிந்து, நண்பகலுக்குள் வீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். உள்ளே வியர்த்து மொட்டு பழுப்பேறிவிடும்.

முகூர்த்த நாள்களிலும், பனியால் வரத்து குறையும் மார்கழி, தை மாதங்களிலும் மல்லிகை விலை கடுமையாக ஏறும். பிறந்தநாள் அப்படி அமைந்தால் முதல்நாளே விலையைப் பேசி, முன்பணமும் அனுப்பிவிடுங்கள்.