நேராக இறங்கிய விமானம் பாதி ஓட்டத்தில் ஏன் திரும்புகிறது?

கேள்வி: வால் சக்கர விமானம் (முன்னால் இரு சக்கரம், வாலடியில் ஒரு சிறு சக்கரம்) ஓட்டப் பழகுகிறேன். நேராகத்தான் இறங்குகிறேன். ஆனால் வேகம் குறையும்போது மூக்கு இடப்பக்கம் போகிறது. வலது பெடலை மிதித்தால் வலப்பக்கம் பாய்கிறது. உதிரிபாகம் விற்பவர் வால் சக்கரத்தையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இந்த விமானத்தின் எடை மையம் முன்னிரு சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. மூக்கு கொஞ்சம் விலகினாலும் பின்னால் இருக்கும் எடை முந்தப் பார்க்கும், திருப்பம் வளரும். அது முற்றினால் கிரவுண்ட் லூப்: விமானம் சுழன்று இறக்கை தரையில் உரசும். வேகம் குறையக் குறைய ரடரில் (பெடலால் திரும்பும் வால் மடல்) படும் காற்றும் குறைகிறது. 'இறங்கியாச்சு' என்று கால்கள் தளர்வதும் அப்போதுதான். பிறகு தாமதமாக, பலமாக மிதிக்கிறீர்கள். மூக்கு திரும்பிய பின்னும் பெடலை விடுவதில்லை. அதனால்தான் எதிர்ப்பக்கம் பாய்கிறது.

பார்வை ஓடுபாதையின் கடைக்கோடியில் இருக்கட்டும். சின்னதாக மிதியுங்கள், உடனே விடுங்கள். குதிகால் தரையில், பிரேக்கில் கால் படக்கூடாது. ஸ்டிக்கை, அதாவது கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோலை, முழுதாகப் பின்னால் பிடியுங்கள், வால் சக்கரம் அழுந்தும். பக்கக் காற்று இருந்தால், அது வரும் பக்கம் ஸ்டிக்கைச் சாய்த்து எய்லரான் (இறக்கை ஓர மடல்) கொடுங்கள். வேகம் குறையக் குறைய இன்னும் அதிகமாக.

ஸ்டிக் விஷயத்தில் ஒரு விலக்கு உண்டு. வாலை உயர்த்தி முன்னிரு சக்கரங்களில் மட்டும் இறங்கும்போது, தொட்டவுடன் ஸ்டிக்கை இழுக்காதீர்கள். இழுத்தால் இறக்கைக்குத் தூக்குவிசை கூடி விமானம் மறுபடி எழும்பும். மெல்ல முன்னால் அழுத்தி, சக்கரங்களைத் தரையில் வைத்திருங்கள். வேகம் குறைந்து வால் தானாக இறங்கியதும் பின்னால் இழுங்கள். மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடும் இறக்கத்தில் இந்தக் காத்திருப்பே கிடையாது, தொட்டவுடன் முழுதாகப் பின்னால்தான். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் துள்ளுகிறார்கள்.

விற்பவர் பேச்சுக்கு வருவோம். பார்க்க வேண்டியவை வேறு: ரடரையும் வால் சக்கரத்தையும் இணைக்கும் ஸ்பிரிங்குகள் தொய்ந்திருக்கின்றனவா, இரு டயர்களிலும் காற்று சமமா, ஒரு பக்க பிரேக் உரசுகிறதா. இவற்றை மெக்கானிக் பார்த்துச் சொல்லும் முன் பணத்தை எடுக்காதீர்கள். விற்பவருக்குப் பொருள் போனால் சரி, உங்கள் கால் பழக்கம் அப்படியேதான் இருக்கும்.

இதைவிடக் கோபம் வருவது, வால் சக்கர விமானம் ஓட்டப் பயிற்றுநர் கையெழுத்திட்டுத் தரும் சான்று முறையைப் பார்த்துத்தான். அமெரிக்க விதி பக்கக் காற்றில் இறங்கவும் பயிற்சி கேட்கிறது, ஆனால் குறைந்தபட்சம் எத்தனை மணிநேரம் என்று சொல்வதில்லை. கையெழுத்துப் போடுபவரின் மனசாட்சியே அளவுகோல்! காற்றே இல்லாத காலையில் சில இறக்கங்கள், கையோடு சான்று என்று யாராவது ஆசை காட்டினால் விலகிவிடுங்கள். காற்று வீசும் நாளில் உங்களோடு உட்காரச் சம்மதிக்கும் பயிற்றுநரைப் பிடியுங்கள். முதலில் டாக்ஸி ஓட்டத்திலேயே, அதாவது தரையில் மெல்ல ஓட்டும்போதே, பெடல் பழகக் கேளுங்கள். அப்புறம் இறக்கம். விலகல் தொடங்கும்போதே, ஓடுபாதையும் வேகமும் மிச்சமிருந்தால், திராட்டிலை (எஞ்சின் விசையை) கொடுத்து மீண்டும் எழும்பவும் பழகுங்கள். புரொப்பெல்லர் காற்று ரடருக்கு உயிர் கொடுக்கும்.