பதில்: ஈறுச் சீழில் வளர்ந்த கொலனி கறுக்கவே இல்லை

கல்முனைத் தம்பி, ஈறுச் சீழைப் பூசின வளர்ப்புத் தட்டில மூன்று நாளாகியும் கறுக்க வேண்டிய பக்டீரியாக் கொலனி வெளிறிப்போய்த்தான் கிடக்குது, இந்தக் கறுக்கிற பக்டீரியாவைப் பழைய புத்தகம் பக்டீரொய்டிஸ் என்குது, புதியது பிரிவொடெல்லா என்குது, எதை எழுத என்று கேட்டிருந்தீங்க.

தட்டை எறிஞ்சிடாதீங்க. மூன்று நாள் போதாது. சிலது கறுக்க 2 கிழமை வரை எடுக்கும். அந்தக் கறுப்பு மெலனின் இல்லை, இரத்தத்தில இருந்து எடுத்துச் சேர்க்கிற ஹீம் (சிவப்பணுவில இருக்கிற இரும்புள்ள நிறப்பொருள்). அதனால தட்டில ஊத்தின அகாரில (வளர்ப்பு ஊடகத்தில) இரத்தத்தோட ஹீமினும் விற்றமின் கே-யும் இருக்கா என்று பாருங்க. சிவப்பணு உடைஞ்ச இரத்தம் போட்டா நிறம் இன்னும் கெதியா வரும். நாளுக்கு நாள் தட்டு இருக்கிற காற்றில்லா ஜாடியைத் திறந்து பார்க்கிறதைத் தயவுசெய்து விடுங்க, இதுகளுக்கு ஒட்சிசன் நஞ்சு.

இதுக்கிடையில நீளலை புற ஊதா விளக்கைப் பிடிச்சுப் பாருங்க. கறுக்க முந்தியே பல இனங்கள் செங்கல் சிவப்பா ஒளிரும், பார்க்கவே அழகு. ஆனா போர்பிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்ற இனம் ஒளிராது. ஈறு நோயில முக்கியமானதே அதுதான், ஒளிரல்லை என்று தள்ளிடாதீங்க.

பெயர்க் குழப்பம் உங்கட பிழை இல்லை. 1921-இல ஒலிவர், வெரி என்ற ஆய்வாளர்கள் விவரிச்ச இந்தக் கறுக்கிற கூட்டம் பிறகு பக்டீரொய்டிஸ் என்ற பேரினத்துக்குள்ள அடைபட்டுக் கிடந்தது. ஷா, கொலின்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1988-இல சீனியை நொதிக்க வைக்காததுகளைப் போர்பிரோமோனாஸ் என்றும், 1990-இல ஓரளவு நொதிக்க வைக்கிறதுகளைப் பிரிவொடெல்லா என்றும் பிரிச்சாங்க. இந்த இரண்டையும் பிரிச்சறிய உங்களுக்குக் கைக்கெட்டினது 5 மைக்ரோகிராம் வன்கோமைசின் வில்லை (நுண்ணுயிர்கொல்லி தோய்ச்ச கடதாசி): போர்பிரோமோனாஸ் வழமையா அதைச் சுற்றி வளராது, பிரிவொடெல்லா வளரும்.

அதுவரைக்கும் அறிக்கையில "காற்றில்லாக் கிராம் எதிர்க் கோலுயிர், இனம் பிறகு" (அதாவது ஒட்சிசன் இல்லாம வளர்கிற, கிராம் சாயத்தில ஊதா பிடிக்காத கோல் வடிவ பக்டீரியா) என்று எழுதி இன்டைக்கே அனுப்புங்க. சீழை வடிக்கிற டொக்டர் நிறம் வரும்வரை காத்திருக்கக் கூடாது.