பாதை முடிந்த பிறகு கானஸ் ஏரிகளுக்கு எப்படிப் போவது?

கலிபோர்னியாவின் சன்னிவேலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஜூலை நடுவில் நாங்கள் நான்கு பேர், நானும் மனைவியும், நண்பரும் அவர் மனைவியும், டையோகா கணவாய்க்குப் பக்கத்தில் இருக்கும் கானஸ் ஏரிகளுக்குப் போக நினைக்கிறோம். யோசெமிட்டியில் மிஸ்ட் டிரெயில், கிளவுட்ஸ் ரெஸ்ட் எல்லாம் நடந்திருக்கிறோம். ஆனால் போனில் இருக்கும் வரைபடச் செயலியில் பார்த்தால் கிரீன்ஸ்டோன் ஏரியோடு பாதை நின்றுவிடுகிறது. வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் கிளம்பி இரவே கார் ஓட்டிப் போய், சனிக்கிழமை விடியற்காலையில் நடக்க ஆரம்பிக்கலாமா? அவ்வளவு சீக்கிரம் கிளம்பத்தான் வேண்டுமா? பாதை இல்லாத இடத்தில் எப்படி வழி பார்ப்பது?"

விடியற்காலையில் கிளம்புங்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வெள்ளி இரவுத் திட்டத்தைக் கைவிடுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது பாதை இல்லாத அந்த ஒரு மைல் அல்ல. அந்த இரவுப் பயணம்தான்.

சன்னிவேல் கடல்மட்டத்தை ஒட்டி இருக்கிறது. நீங்கள் கார் நிறுத்தப்போகும் சாடில்பேக் ஏரி 10,087 அடியில் இருக்கிறது. அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், ஊரில் கிடைப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான். ஆறேழு மணி நேரத்தில் உடம்பை அங்கே கொண்டுபோய் நிறுத்தி, தூக்கமும் இல்லாமல் நடக்கச் சொன்னால் தலைவலி, குமட்டல், சாப்பாடு இறங்காமை எல்லாம் வரிசையாக வரும். பாதையில் நடக்கும்போது தலைவலியோடு சமாளித்துவிடலாம். பாதை இல்லாத இடத்தில் ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்க வேண்டும். உயரம் முதலில் மந்தமாக்குவது அந்த யோசனையைத்தான்.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள். சனிக்கிழமை காலை நிதானமாகக் கிளம்புங்கள். மதியம் டுவாலமி மெடோஸில், சுமார் 8,600 அடி உயரத்தில், ஒரு மணி நேரம் சும்மா உலாவுங்கள். பிறகு டையோகா கணவாயைத் தாண்டிக் கீழே லீ வைனிங்கில் போய்த் தூங்குங்கள். அந்த ஊர் 6,800 அடியை ஒட்டி இருப்பதால் தூக்கம் வரும். கணவாய் அருகே ஏரிக்கரையில் கூடாரம் போடுவது அழகுதான். ஆனால் கடல்மட்டத்திலிருந்து வந்த முதல் இரவே அந்த உயரத்தில் படுத்தால் பாதிப் பேர் புரண்டுகொண்டே கிடப்பார்கள். ஞாயிறு அதிகாலை லீ வைனிங்கிலிருந்து மேலே ஏறி வர அரை மணி நேரம் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். முடிந்தால் திங்கட்கிழமை லீவு போடுங்கள். நான்கு பேரில் யாருக்காவது ரத்த அழுத்தமோ இதய, நுரையீரல் தொந்தரவோ இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். உயரத்துக்குப் பழக உதவும் மாத்திரை தேவையா என்றும் அவரே சொல்வார்.

சரி, ஏன் அவ்வளவு சீக்கிரம்? இந்த ஏரிகள் இருக்கும் சியரா நெவாடா மலைத்தொடரில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காலை வானம் துடைத்துவைத்தது போல இருக்கும். பதினொரு மணிக்கு மேல் மலைமுகட்டுக்குப் பின்னால் பஞ்சுமேகம் தலைகாட்டும். அது குட்டையாகவே இருந்தால் பரவாயில்லை. காலிஃபிளவர் போல மேல்நோக்கி வளர ஆரம்பித்தால் மதியத்துக்குள் இடி விழலாம். கானஸ் ஏரிகள் இருக்கும் கிண்ணம் போன்ற பள்ளத்தில் ஒதுங்க இடமே கிடையாது, சுற்றிலும் வெறும் பாறை. இடி கேட்கும் நேரத்தில் நீங்கள் அங்கே இருக்கக் கூடாது.

இன்னொரு காரணம் ஓடைகள். கோடையில் அங்கே ஓடும் தண்ணீரில் பெரும்பங்கு பனி உருகி வருவது. இரவுக் குளிரில் உருகுவது குறைவதால் காலையில் ஓடை இளைத்திருக்கும்; நாள் முழுக்க வெயில் பட்டு மாலையில் பெருத்துவிடும். காலை ஆறு மணிக்குக் கல்லுக்குக் கல் தாவிக் கடந்த ஓடை, மாலை நான்கு மணிக்கு முழங்கால் ஆழத்தில் இழுத்துக்கொண்டு ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் விட்டுவிட்டாலும் அந்த வெளிச்சத்துக்காகவே சீக்கிரம் கிளம்பலாம். இந்த ஏரிகள் கானஸ் மலைக்குக் கிழக்கே இருக்கின்றன. அதனால் முதல் வெயில் நேராக மலையின் முகத்தில் விழுகிறது. வெளிறிய கிரானைட் சுவர் ஐந்தாறு நிமிடம் ரோஜா நிறத்துக்கு மாறி, பிறகு மஞ்சளாகி, வழக்கமான சாம்பலுக்குத் திரும்பும். அப்போது காற்றும் அசையாது. மேலே இருக்கும் பனியாறு பாறையை மாவாக அரைத்து அனுப்பும் துகள் நீரில் மிதப்பதால்தான் ஏரிக்கு அந்தப் பால் கலந்த நீலப்பச்சை. அந்த நிறம் நன்றாகத் துலங்குவது, வெயில் நீருக்குள் இறங்கியும் காற்று எழும்பாமலும் இருக்கும் காலை வேளையில்தான்.

ஜூலை நடுவில் அங்கே சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்பு உதிக்கும். ஐந்தேகால் மணிக்கே நிலம் மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும். நீங்கள் சாடில்பேக் ஏரியின் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து நாலே முக்காலுக்கு நடக்கத் தொடங்கினால் போதும். அதன் மேற்குக் கரையோரம் கிரீன்ஸ்டோன் ஏரி வரை ஒன்றரை மைல். சரளையும் கற்துண்டுகளுமாக இருந்தாலும் பாதை தெளிவாக இருக்கும், ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் மெதுவாகப் போய்விடலாம். கணக்கு என்னவென்றால், பாதை உள்ள பகுதியை இருட்டில் முடித்துவிட்டு, பாதை இல்லாத பகுதியை நல்ல வெளிச்சத்தில் தொடங்க வேண்டும். மூன்று மணிக்கே கிளம்பிப் பாறைக்குவியலை இருட்டில் தாண்டுவது வீரம் அல்ல, கணுக்காலுக்குக் கேடு.

கிரீன்ஸ்டோனில் நின்று மேற்கே பாருங்கள். உங்களைச் சுற்றியிருக்கும் பாறை துருநிறமும் கருமையும் கலந்தது. எதிரே மேற்கில் இருப்பது வெளுத்த கிரானைட். நீங்கள் கருப்பிலிருந்து வெள்ளைக்குப் போகிறீர்கள், அந்த வெள்ளைக்கு மேலே கானஸ் மலை. மேற்கிலிருந்து கிரீன்ஸ்டோனுக்குள் வந்து விழும் ஓடைதான் உங்கள் கைப்பிடி. அதன் சத்தம் காதில் விழும் தூரத்தில் ஏறிக்கொண்டே போனால் ஏரிகளுக்கு வந்துவிடுவீர்கள். முன்பு போனவர்களின் கால்பட்டு உண்டான ஒற்றையடித் தடங்கள் அங்கங்கே தெரியும், மறையும், இரண்டாகப் பிரியும். அடுக்கிவைத்த கற்களும் கண்ணில் படலாம். யாரோ ஒருவர் வழி தவறியபோது அடுக்கியதாகவும் இருக்கலாம், அதனால் அவற்றை அப்படியே நம்பிப் போகாதீர்கள்.

இந்தப் பகுதி, சியரா கிளப் என்ற மலையேற்றச் சங்கம் 1937இல் வகுத்த தரவரிசைப்படி, இரண்டாம் வகுப்பு நடைக்குள் அடங்கும். அதாவது, நிலை தடுமாறாமல் இருக்க எப்போதாவது கை ஊன்ற வேண்டியிருக்கும். கையால் பிடித்து ஏறித்தான் ஆக வேண்டும் என்ற இடத்துக்கு வந்துவிட்டால் வழி தவறிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஐம்பது அடி பின்னால் வந்து மறுபடி பாருங்கள், சுலபமான வழி பக்கத்திலேயே இருக்கும்.

செயலியைப் பற்றி: வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், போனை ஏர்பிளேன் மோடில் போட்டு உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி வடிந்துவிடும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அது சொல்லும். எதிரே இருக்கும் சரிவு எப்படிப்பட்டது என்று முழுதாகச் சொல்லாது. 40 அடி இடைவெளியில் சமஉயரக் கோடுகள் போட்ட வரைபடத்தில் 35 அடிச் செங்குத்துச் சுவர் தடயமே இல்லாமல் ஒளிந்துகொள்ளும். அதற்குக் கண்தான் வேண்டும்.

தூரத்தை வைத்தும் நேரத்தைக் கணக்கிட வேண்டாம். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு சூத்திரம் தந்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். கிரீன்ஸ்டோனிலிருந்து மேல் ஏரி வரை ஒரு மைலுக்குச் சற்று அதிகம், சுமார் 500 அடி ஏற்றம். சூத்திரப்படி நாற்பது நிமிடத்தில் முடிய வேண்டும். பாறைக்குவியலில், 10,000 அடிக்கு மேல், நான்கு பேராகப் போனால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், படம் எடுக்க நிற்பது தனி. எட்டு மணிக்குள் மேல் ஏரி, தாமதமானாலும் ஒன்பதரைக்குத் திரும்புதல், மதியத்துக்கு முன் கார். அந்த ஒன்பதரையை வீட்டிலேயே நால்வரும் பேசி முடிவு செய்துவிடுங்கள். அங்கே போய்ப் பேசினால் இன்னும் ஒரு ஏரி, இன்னும் ஒரு மேடு என்று இழுத்துக்கொண்டே போகும்.

பாறைக்குவியலில் நடக்க ஒரு சின்னப் பழக்கம் வேண்டும். பாதத்தைக் கல்லின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வையுங்கள். முழு எடையை இறக்கும் முன் ஒரு கணம் லேசாக அழுத்திப் பாருங்கள். ஆடும் கல் 'கடக்' என்று வெற்றுச் சத்தம் தரும், ஊன்றிய கல் மௌனமாக இருக்கும். கருப்பும் பச்சையுமாகக் கற்பாசி படர்ந்த கல் பல காலமாகப் புரளாமல் கிடப்பது; முகம் வெளுத்துப் புதிதாக இருப்பது அண்மையில் எங்கிருந்தோ உருண்டு வந்தது. பெரிய கல் ஆடாது என்ற நினைப்பு மட்டும் வேண்டாம், கார் அளவுக் கல்லே காலடியில் சாய்ந்து நான் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நடக்க வேண்டாம்.

பனி எவ்வளவு இருக்கும் என்பது அந்த வருடத்தைப் பொறுத்தது. 2023இல் டையோகா சாலை திறந்ததே ஜூலை 22ஆம் தேதிதான். பனி அதிகம் பெய்த வருடமென்றால் பயணத்தை ஆகஸ்டுக்குத் தள்ளுங்கள். சாதாரண வருடத்திலும் நிழல் சரிவுகளில் திட்டுத்திட்டாகப் பனி இருக்கும். காலையில் அது கண்ணாடிபோல் இறுகியிருக்கும். சறுக்கினால் எங்கே போய் நிற்போம் என்று முதலில் பாருங்கள். கீழே சமதளம் என்றால் காலணியில் மாட்டும் மைக்ரோஸ்பைக்ஸோடு கடக்கலாம். கீழே பாறையோ தண்ணீரோ என்றால் சுற்றிப் போங்கள். திரும்பி வரும்போது அதே பனி இளகியிருக்கும், அப்போது ஆபத்து இடம் மாறிவிடும். வெயிலில் சூடேறும் பாறையின் ஓரத்திலும் ஓடைக்கு மேலேயும் பனி உள்ளே உருகிக் குடைந்துபோயிருக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருமுறை என் கால் அப்படித் தொடை வரை இறங்கியது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து வந்தது. அன்றிலிருந்து பனியில் துருத்திக்கொண்டிருக்கும் எந்தக் கல்லையும் இரண்டு கஜம் தள்ளியே கடக்கிறேன். ஏரியின் மேல் மிதக்கும் பனித்தட்டில் கால் வைக்கவே வேண்டாம்.

இனி நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது: ஏறும்போது அடிக்கடி திரும்பிப் பாருங்கள். வழி தவறுகிறவர்களில் பெரும்பாலோர் இறங்கும்போதுதான் தவறுகிறார்கள். மேலே போகும்போது எல்லாம் ஏரி இருக்கும் கிண்ணத்தை நோக்கிக் குவிகிறது. கீழே வரும்போது எல்லாம் விரிகிறது. போதாததற்கு, காலையில் நிழலில் பார்த்த பாறைகள் பத்து மணி வெயிலில் வேறு முகத்தோடு இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, திரும்பி, உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நால்வரில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லட்டும்: "முறுக்கிய மரம் வலது பக்கம், அதற்குக் கீழே தட்டைப்பாறை." ஒரு படமும் எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் ஒரு வருடம் நான் ஓடையை மட்டும் பார்த்துக்கொண்டு இறங்கி, தண்ணீர் அருவியாக விழும் ஒரு விளிம்பில் போய் நின்றேன். மீண்டும் ஏறி வழி பிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஏறும்போது தண்ணீரைத் துணையாகக் கொள்ளலாம். இறங்கும்போது அதன் பின்னாலேயே போகக் கூடாது, அதற்கு விழுவதில் பயமில்லை.

இந்த இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏரிகள் இருப்பது ஆய்வுக்காக ஒதுக்கப்பட்ட ஹால் இயற்கைப் பகுதியில். பகலில் போய் வரலாம், இரவு தங்கக் கூடாது, தீ மூட்டக் கூடாது. ஏரி ஓரப் புல்வெளிகள் ஜூலையில் ஈரமாக இருக்கும். சியராவின் இந்த உயர்ந்த ஈர வெளிகளில் வாழும் யோசெமிட்டித் தேரையும், மஞ்சள் கால் தவளையும் 2014இல் அமெரிக்க அரசின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. தேரைக் குஞ்சு உங்கள் விரல் நகத்தைவிடச் சிறியது, காலணி அதைப் பார்க்காது. கல்லிலும் மணலிலும் கால் வையுங்கள். புல்லைத் தாண்டியே ஆக வேண்டுமென்றால் ஒருவர் பின் ஒருவராகப் போகாமல் பரவிப் போங்கள். நால்வரும் ஒரே கோட்டில் நடந்தால் அடுத்து வருபவர் அதைப் பாதை என்று எடுத்துக்கொள்வார். மலம் கழிப்பது தண்ணீரிலிருந்து 200 அடிக்கு அப்பால், ஏறக்குறைய எண்பது காலடி தூரம். காகிதத்தைப் பையில் போட்டுக் கொண்டுவந்துவிடுங்கள்.

விடியலில் வெப்பம் பூஜ்ஜியம் செல்சியஸை ஒட்டி இருக்கும், எட்டு மணிக்குச் சட்டையோடு நடப்பீர்கள். மெல்லிய உடைகளாக அடுக்கிப் போடுங்கள், மழைச்சட்டையை விட்டுவராதீர்கள், கொசுவலைத் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் பசி மங்கும். பிடித்த சாப்பாடுதான் உள்ளே இறங்கும். எங்கள் வீட்டில் முதல்நாள் கிளறிய புளியோதரையும் கடலைமிட்டாயும் கொண்டுபோவோம். ஓடைத் தண்ணீரை வடிகட்டிக் குடியுங்கள். யாருக்காவது தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நால்வருமாக அப்போதே இறங்குங்கள், காரை எடுத்து இன்னும் கீழே போங்கள். மருத்துவமனை மம்மத் லேக்ஸ் ஊரில் இருக்கிறது.

பகல்நடைக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம். யோசெமிட்டி வழியாக வருவதால் பூங்காவுக்கு முன்பதிவு தேவையா என்று மட்டும் பாருங்கள், அந்த விதி வருடத்துக்கு வருடம் மாறுகிறது. வானிலைக்கு, தேசிய வானிலைச் சேவையின் வரைபடத்தில் கானஸ் மலை மேலேயே சொடுக்கிப் பாருங்கள். லீ வைனிங் ஊருக்கான முன்னறிவிப்பு உங்களுக்கு உதவாது. சனிக்கிழமை இரவு, சன்னிவேலில் இருக்கும் ஒருவருக்குக் கார் எண், கார் நிறுத்தும் இடம், போகும் ஏரி, திரும்பும் நேரம் நான்கையும் எழுதி அனுப்பிவிடுங்கள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் மோனோ கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தைக் கூப்பிட வேண்டும் என்றும் அதிலேயே சொல்லிவையுங்கள். லீ வைனிங்கில் சிக்னல் கிடைத்ததும் முதல் வேலையாக அவரைக் கூப்பிட்டு, வந்துவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள்.