பட்டா மாற்ற எதற்கு பவர்?

கேள்வி: எனக்கு வயது 67. வேடசந்தூர் பக்கம் கிராமம். என் கணவர் 8 மாதங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். 1986-இல் சொந்தச் சம்பாத்தியத்தில் அவர் கிரயம் வாங்கிய நாலரை ஏக்கர் இன்னும் அவர் பேரிலேயே இருக்கிறது. உயில் எதுவும் இல்லை. முருங்கையும் கொஞ்சம் தென்னையும் போட்டிருக்கிறோம். சொட்டுநீர் மானியத்துக்கு எழுதிப்போட்டு, குழாய் வந்து இறங்கிய வாரத்தில் அவர் போய்விட்டார். அந்தச் சுருள்கள் இன்னும் களத்தில்தான் கிடக்கின்றன. எனக்கு மூட்டுவலி, வரப்பில் நடக்க முடியவில்லை. 'விற்றுவிட்டு என்னோடு கோவைக்கு வந்துவிடு' என்கிறான் மகன். மகள் ஓசூரில் இருக்கிறாள். 89 வயது மாமியார் என்னோடு இருக்கிறார். ஊரில் தெரிந்தவர் ஒருவர், 'எனக்கு ஒரு பவர் (அதிகாரப் பத்திரம்) மட்டும் எழுதிக் கொடுங்கள், 35,000 ரூபாயில் பட்டா, மின் இணைப்பு, மானியம் எல்லாவற்றையும் உங்கள் பேருக்கு மாற்றித் தருகிறேன்' என்கிறார். தலைத் திவசம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டிருக்கிறேன். பவர் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. இதைப் படித்து முடிக்கும் முன்பே அவர் வாசலில் வந்து நின்றாலும், 'மகனைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

வருவாய்த் துறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பட்டா மாற்ற பவர் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வாரிசு யாரோ அவர் மனுப் போடுகிறார். நடக்க முடியாவிட்டால் மகனோ மகளோ போய்ப் பதிந்துவிட்டு வரலாம். பவர் என்பது உங்கள் கையை வெட்டி இன்னொருவர் தோளில் ஒட்டுவது மாதிரி. அந்தப் பத்திரத்தில் 'பட்டா மாற்றம் செய்ய' என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே 'மேற்படி சொத்தை விற்க, கிரய ஒப்பந்தம் செய்ய, முன்பணம் பெற' என்று பத்து வரி இருக்கும். சார்பதிவாளர் அலுவலகக் கூட்டத்தில், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த 67 வயதுக்காரர் அந்தப் பத்து வரியைப் படிக்கப் போவதில்லை. கொண்டுவந்தவருக்கும் அது தெரியும்.

நான் பணியில் இருந்தபோது ஒரு பாட்டி வந்தார். பட்டா மாற்றத்துக்கு என்று சொன்ன ஒரு ஆளுக்குப் பவரில் கையெழுத்துப் போட்டவர். ஒன்பது மாதம் கழித்து ஆட்டுக்குத் தழை ஒடிக்கத் தோட்டத்துக்குப் போனால், நிலமெங்கும் வரிசையாக மனைக்கல் நட்டிருக்கிறது. பாட்டி பவரை ரத்து செய்தார். ஆனால் அதற்குள் மூன்று பேரிடம் முன்பணம் வாங்கியிருந்தார் அந்த ஆள். அந்த மூன்று பேரும் பாட்டி மேல் வழக்குப் போட்டார்கள். வெறும் பவரை வைத்துக்கொண்டு யாரும் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. சரி, சொல்லி என்ன பயன்? பாட்டி நீதிமன்றப் படி ஏறியது ஏறியதுதான்.

நீங்களும் பிள்ளைகளும் இதுவரை எங்கேயாவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும், பதிவுத் துறை இணையதளத்தில், நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது திவசம். துக்கத்தில் அலுவலகம் அலுவலகமாக ஏற மனம் வராது, அது எனக்கும் தெரியும். என் தகப்பனார் போனபோது, எல்லாருக்கும் பட்டா மாற்றிக் கொடுத்த நானே எங்கள் வீட்டுப் பட்டாவை இரண்டு வருடம் தொடவில்லை. ஆனால் தாசில்தார் அலுவலகத்துக்கு திதி கிடையாது. விற்பதா வைத்திருப்பதா என்ற முடிவைத்தான் தலைத் திவசம் வரைக்கும், முடிந்தால் அதற்கு மேலும் ஒரு வெள்ளாமை வரைக்கும் தள்ளிப் போட வேண்டும். காகித வேலையை நாளைக்கே தொடங்கலாம். நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. காகிதத்தை மூன்று வருடம் போட்டு வைப்போம், நிலத்தை மூன்றே மாதத்தில் விலை பேசிவிடுவோம்.

முதல் காகிதம் வாரிசுச் சான்றிதழ். இறப்புச் சான்றும் குடும்பத்தினர் எல்லாருடைய ஆதாரும் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். கட்டணம் 60 ரூபாய்தான். மனு கிராம நிர்வாக அலுவலரிடமும் வருவாய் ஆய்வாளரிடமும் போய்விட்டு தாசில்தாரிடம் வரும். நடுவில் எங்காவது ஒரு மேசையில் 'நிலுவை' என்று உட்கார்ந்திருக்கும். ஏன் நிலுவை என்று கேட்டால் சர்வர் என்பார்கள், தேர்தல் வேலை என்பார்கள். புரோக்கரின் பிழைப்பே இந்த நிலுவையில்தான் ஓடுகிறது. 35,000 ரூபாயில் அவர் செய்யப்போவது அந்த மேசைக்குப் பக்கத்தில் போய் நிற்பது மட்டும்தான். அதை உங்கள் மகன் ஒரு நாள் லீவு போட்டுச் செய்யலாம். ஒப்புகைச் சீட்டு எண் கையில் இருக்கட்டும். மனுவைத் தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் எழுத வேண்டும் என்றாலே பாதித் தள்ளுபடி நின்றுபோகும். அதற்கும் மேல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இனி சொல்வதை மகனையும் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள். நிலத்துக்கு வாரிசு நீங்களும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் மாமியாரும் வாரிசுதான். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணின் தனிச் சொத்து மனைவி, மகன், மகள், தாய் எல்லாருக்கும் சம பங்காகப் போகும். தகப்பனார் உயிரோடு இருந்தால்கூட அவருக்கு இந்த வரிசையில் இடமில்லை, தாய்க்கு உண்டு. ஆக நாலரை ஏக்கரை நாலாகப் போடுங்கள், ஆளுக்கு ஒரு ஏக்கர் பன்னிரண்டரை சென்ட்.

'அவங்களுக்கு எதுக்கு இந்த வயசுல நிலம்?' என்று யாராவது சொல்லி, வாரிசு மனுவில் அவர் பேரை விட்டுவிடச் சொல்வார்கள். அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். முதலாவது, அது பொய் மனு, பிடிபட்டால் சான்றிதழே ரத்தாகும். இரண்டாவது, பேரை விட்டுவிட்டால் பங்கு மறைந்துவிடாது. நாளை மாமியார் காலமானால் அவருடைய பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். உங்கள் கணவருக்கு ஒரு தம்பியும் ஒரு அக்காவும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த 112½ சென்ட் மூன்று கிளையாகப் பிரியும். கொழுந்தனாருக்கு 37½, நாத்தனாருக்கு 37½, இறந்துபோன உங்கள் கணவர் கிளையில் உங்கள் இரண்டு பிள்ளைகளுக்குச் சேர்த்து 37½. மருமகளான உங்களுக்கு அதில் ஒரு சென்ட்கூட வராது. அதாவது, உங்கள் கணவர் தனியாக வாங்கிய நிலத்தில் முக்கால் ஏக்கர், உங்கள் கண்ணெதிரிலேயே கூடப் பிறந்தவர்கள் பக்கம் போய்விடும். அந்த முக்கால் ஏக்கரில் கிணறு மாட்டிக்கொண்டால் மீதி நிலத்தின் கதி என்ன? இப்படி முளைத்த வழக்குகள் பத்துப் பதினைந்து வருடம் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வழக்கிலும் கெட்டவன் என்று யாரும் கிடையாது. எல்லாரும் சட்டம் கொடுத்த பங்கைத்தான் கேட்டார்கள்.

மாமியார் நல்ல நினைவோடு இருந்தால், அவருக்குச் சம்மதம் என்றால், தன் பங்கைப் பேரன் பேத்திக்கு செட்டில்மென்ட்டாக (உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்கும் பத்திரமாக) எழுதி வைக்கலாம், அல்லது உயில் எழுதலாம். நினைவு தெளிவாக இருக்கிறது என்று ஒரு டாக்டரிடம் சான்று வாங்கிக்கொள்வது நல்லது. அவரைத் தூக்கிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். நடக்க முடியாதவர்களுக்குச் சார்பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிய சட்டத்தில் இடமிருக்கிறது. தனிக் கட்டணம் உண்டு, இரண்டு முறை மனு கொடுக்க வேண்டியும் வரலாம். கொழுந்தனாருக்கும் நாத்தனாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள், ஒளித்துச் செய்யாதீர்கள். ஒன்று மறக்க வேண்டாம், அம்மா. 89 வயதில் மகனைப் பறிகொடுத்தவர் அவர். உங்கள் துக்கம்தான் அவருக்கும். 'எழுத மாட்டேன்' என்றால் விட்டுவிடுங்கள், அது அவர் சொத்து.

வாரிசுச் சான்று கைக்கு வந்ததும் நான்கு பேர் பேரிலும் கூட்டுப் பட்டாவுக்கு மனுப் போடுங்கள். உட்பிரிவு, அளவை எல்லாம் இப்போது வேண்டாம். அதைத் தொட்டால் சர்வேயர் தேதிக்காகக் காத்திருந்தே காலம் போய்விடும்.

மின் இணைப்பு, கூட்டுறவுச் சங்கக் கடன், பிஎம் கிசான் மூன்றுக்கும் இதே காகிதங்கள்தான். சங்கத்தில் பயிர்க்கடன் பாக்கி இருந்தால் செயலாளரிடம் இறப்புச் சான்று நகலை உடனே கொடுத்துவிட்டு, தவணைத் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தேதி தாண்டினால் வட்டியில்லாச் சலுகை போய்விடும். கிசான் பணம் அவர் கணக்குக்கு இன்னும் வந்துகொண்டிருந்தால் ஏடிஎம் கார்டைப் போட்டு எடுக்காதீர்கள், திருப்பிக் கட்டச் சொல்வார்கள். உங்கள் பேரில் புதிதாகப் பதியப் போனால், '2019 பிப்ரவரி 1-க்கு அப்புறம் பட்டா மாறியவர்களுக்குக் கிடையாது' என்று கவுன்டரில் சொல்லக்கூடும். இறப்பினால் வாரிசுக்கு வந்த நிலத்துக்கு அந்தத் தேதி தடையில்லை என்று திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

சொட்டுநீருக்கு வருகிறேன். மானியம் அவர் பேரில் மனுப் போட்டது, எனவே உங்கள் பேரில் திரும்ப மனுப் போட வேண்டியிருக்கும். 5 ஏக்கருக்குள் என்பதால் சிறு விவசாயி சான்று வாங்கினால் 100 சதவீத மானியத்துக்குத் தகுதி உண்டு. கூட்டுப் பட்டா என்பதால் மற்றவர்களின் சம்மதம் கேட்பார்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. குழாய் இறக்கிய ஏஜென்ட் வந்து, 'பழைய ஃபைலே இருக்கட்டும்மா, ஐயா கையெழுத்தை நீங்களே போட்டுடுங்க' என்பார். செத்தவர் கையெழுத்தைப் போட்டால் அது மோசடி. மாட்டினால் ஏஜென்ட்டைத் தேட முடியாது, நீங்கள்தான் அகப்படுவீர்கள். சுருள்களை வெயிலில் போடாமல் மாட்டுக்கொட்டகையிலோ நிழலிலோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நாள்பட வெயிலில் கிடந்தால் கெட்டுப்போகலாம். தினமும் பார்க்கிற வேதனையும் கொஞ்சம் குறையும்.

சரி, உங்களால் தோட்டம் பார்க்க முடியாது, மகனும் வரப் போவதில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விடலாமே என்று கேட்பீர்கள். வாய்வார்த்தைக் குத்தகை வேண்டவே வேண்டாம். தன் உடலுழைப்பால் சாகுபடி செய்கிற குத்தகைதாரருக்கு 1955-இலிருந்தே நம் மாநிலத்தில் சட்டப் பாதுகாப்பு உண்டு. அது ஏழை உழவருக்காக வந்த நல்ல சட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்தில்லாமல் விட்ட ஒரு வயதான பெண்மணி நிலத்தைத் திரும்பக் கேட்டு, வருவாய் நீதிமன்றத்தில் வாய்தா வாய்தாவாக நிற்பதையும் பார்த்தவன் நான். அதனால் மரத்தில் இருக்கிற காயை மட்டும் விலை பேசுங்கள், மண்ணைப் பேசாதீர்கள். தென்னைக்கு இத்தனை வெட்டு, முருங்கைக்கு இந்தப் பருவம் என்று காய்ப்பை மட்டும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். உழவு, தண்ணீர் பாய்ச்சல், கவாத்து எல்லாம் உங்கள் பேரில் கூலிக்கு நடக்கட்டும், கூலி கொடுத்ததை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வருமானம் குறையும், ஆனால் நிலம் உங்கள் கையில் இருக்கும்.

மகனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று ஒரு நாள் தோன்றும். அன்றைக்குக் காலில் வலி அதிகமாக இருக்கும். அப்படி எழுதினால் உங்கள் பங்கில் ஆயுள் வரை அனுபவ உரிமையை வைத்துக்கொண்டு எழுதுங்கள். 'என்னை உணவு, மருத்துவம் உட்படப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் 23-ஆவது பிரிவு, பராமரிக்காவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோட்டாட்சியரிடம் கேட்க வழி தருகிறது. பத்திரத்தில் நிபந்தனை இல்லாமல் பிறகு போய் நின்றால் அந்தப் பிரிவு கை கொடுப்பது கஷ்டம். 'பெற்ற பிள்ளையிடம் போய் நிபந்தனையா' என்று பத்திர எழுத்தர்கள்கூடக் கூச்சப்படுவார்கள். அவர்களுக்கு என்ன, எழுத்துக்கூலியோடு அவர்கள் வேலை முடிந்தது.

மனுப் போடும் முன், எல்லாருடைய ஆதாரையும் பட்டாவையும் இறப்புச் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை ஒத்துப் பாருங்கள். பட்டாவில் பெருமாள், இறப்புச் சான்றில் பெருமாள்சாமி என்றிருந்தால் அதற்கே மூன்று மாதம் அலைய விடுவார்கள். அந்தக் காலத்துப் பெரியவர்களின் ஆதாரில்தான் எழுத்துப் பிழை அதிகம், மாமியாருடையதை முதலில் எடுங்கள்.