குடிக்க ஆகும், பீன்ஸுக்கு ஆகாது

கேள்வி: அத்திப்பள்ளி பக்கம் ஒன்றரை ஏக்கர் செம்மண் நிலம், 850 அடி போர். தண்ணீரைச் சோதித்து "குடிக்க உகந்தது" என்று முத்திரையே குத்திக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் பீன்ஸ் இலையில் நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் மஞ்சள், ஓரம் கருகல். இரும்புச்சத்து அடிக்கச் சொல்கிறார் உரக்கடைக்காரர். அறிக்கை நகல் இணைத்திருக்கிறேன். அடிக்கலாமா சார்?
— வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: அடித்தால் கொஞ்ச நாள் பச்சையாக இருக்கும், அப்புறம் பழைய குருடி கதைதான். மண்ணில் இரும்பு இருக்கிறது சார், உங்கள் தண்ணீரின் காரத்தன்மை அதைச் செடி எடுக்க விடுவதில்லை.

முத்திரை குத்தியவர் மேல் தப்பில்லை. குடிநீருக்கான அளவுகோல் வேறு. மொத்தக் காரத்தன்மை 350 என்று போட்டிருக்கிறதே, குடிநீருக்கு வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை விடுவார்கள். வயிறு தாங்கும். வேர் தாங்காது.

ஒரு பேனா எடுங்கள். காரத்தன்மை 350-ஐ 50-ஆல் வகுத்தால் 7. கால்சியம் 40-ஐ 20-ஆல் வகுத்தால் 2. மக்னீசியம் 24-ஐ 12-ஆல் வகுத்தால் 2. ஏழிலிருந்து அந்த நாலைக் கழித்தால் மிச்சம் 3. இதற்குப் பெயர் எஞ்சிய சோடியம் கார்பனேட். 1.25-க்குள் இருந்தால் கவலையில்லை, 2.5 தாண்டினால் பாசனத்துக்கு ஆகாது. உங்களுடையது தாண்டிவிட்டது.

சோடியம் அறிக்கையில் இல்லை. பரவாயில்லை, ஒரு குறுக்குவழி உண்டு. மின்கடத்துதிறன், அதாவது தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் எண், 1,200 என்றால் நேர்மின் அயனிகள் மொத்தம் சுமார் 12. கால்சியம், மக்னீசியம் நாலு போக, மிச்சம் எட்டும் பெரும்பாலும் சோடியம்தான். அதை வைத்துப் போட்டால் சோடியம் உறிஞ்சு விகிதம் (கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு என்ற கணக்கு) 5.7 வருகிறது. 10-க்குக் கீழே என்பதால் அந்தக் கணக்கில் நீங்கள் பாஸ்! இந்த ஒன்றை மட்டும் பார்த்து "நல்ல தண்ணி" என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காரத்தன்மைக்குக் காரணமான பைகார்பனேட், கால்சியத்தைச் சுண்ணாம்பாக்கி மண்ணில் படியவைத்த பிறகு, வயலில் சோடியத்தின் கை ஓங்கிவிடும். உவர் (உப்பு மிகுந்த மண்) வேறு, களர் (சோடியம் மிகுந்து இறுகும் மண்) வேறு என்று நம் பெரியவர்கள் பிரித்துச் சொன்னது சும்மா இல்லை. உங்கள் நிலம் களர்ப் பக்கம் சாய்கிறது. பாத்தி காய்ந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உடனே இறங்காமல் பளபளவென்று தேங்கி நின்றால், சொல்ல வேறொன்றும் இல்லை.

ஓரம் கருகுவது உப்பினால். பீன்ஸ் ரொம்பக் கூச்சக்காரப் பயிர். மின்கடத்துதிறன் 700 தாண்டியதுமே விளைச்சல் குறையத் தொடங்கும். தக்காளி 1,700 வரை பொறுக்கும், பீட்ரூட் அதற்கும் மேலே. அடுத்த போகம் மாற்றுங்கள்.

மருந்து ஜிப்சம். மிச்சத்தை 3-லிருந்து 1.25-க்குக் கொண்டுவர ஆயிரம் லிட்டருக்குச் சுத்த ஜிப்சம் 150 கிராம். ஏக்கருக்கு ஓர் அங்குலம் பாய்ச்சினால் ஒரு லட்சம் லிட்டர். ஆக 15 கிலோ. கடைச் சரக்கு அவ்வளவு சுத்தமாக இருக்காது, கூட்டிப் போடுங்கள். மண்ணில்தான் போட வேண்டும். சொட்டுநீர்க் குழாய்க்குள் கரைத்து விட்டீர்களானால் சுண்ணாம்பு படிந்து துளையெல்லாம் அடைத்துக்கொள்ளும், அப்புறம் என்னைத் திட்டுவீர்கள்.

அதற்கு முன் ஒரு தடவை மறுபடி சோதியுங்கள். 31 வருஷம் ஆய்வகத்தில் தண்ணீர் சோதித்தவன் நான். என் மச்சான் தோட்டத்துக்கே கோட்டை விட்டேன். அவசரத்தில் மேல்தொட்டிக் குழாயில் பிடித்துவிட்டேன். அதில் முதல்நாள் ஊற்றிய டேங்கர் தண்ணீரும் கலந்திருந்தது! அறிக்கை அருமையாக வந்தது, பீன்ஸ் போட்டோம், பந்தல் கூலிகூடத் தேறவில்லை. மோட்டாரை இருபது நிமிஷம் ஓடவிட்டு, போர் வாயிலேயே பிடியுங்கள். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தரம் அலசி, காற்று இடமில்லாமல் நிரப்பி, அன்றைக்கே கொடுங்கள். "பாசனத்துக்கு" என்று எழுதிக் கொடுத்துச் சோடியமும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை மாடித்தோட்டத்துக்கு ஊற்றலாமா?
— வாசகி, ராமமூர்த்தி நகர்

பதில்: பாதித் தண்ணீரை வெளியே தள்ளினால் அதில் உப்பு ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். உங்கள் வீட்டில் வருவது காவிரி என்றால் தாராளமாக ஊற்றுங்கள் அம்மா. போர் என்றால் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.