ஜொராஸ்ட்ரிய சமயத்தின் விழுமியங்களுக்கு இன்றைய உலகில் இடம் இருக்கிறதா?

நான் சென்னை இராயபுரத்தில் வளர்ந்தவன். அங்கே 1910-இல் கட்டப்பட்ட பார்சி அக்கினிக் கோயில் ஒன்று இருக்கிறது. ஈரானிலிருந்து வந்து இந்தியாவில் குடியேறிய ஜொராஸ்ட்ரியர்களின் வழிவந்தவர்களே பார்சிகள். பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அதைக் கடந்திருக்கிறேனே தவிர, உள்ளே எரியும் நெருப்பை ஒருமுறையும் கண்டதில்லை. பார்சி அல்லாதோருக்கு அனுமதி கிடையாது. பின்னர் மும்பையில் வேலை பார்த்த ஆண்டுகளில், உடன் பணியாற்றிய ஒரு பார்சி நண்பரைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்தச் சமயத்தைப் பற்றி ஓரளவு தெரிந்துகொண்டேன். எனவே இது வாசலுக்கு வெளியே நின்றவனின் பதில்.

நல்ல எண்ணம், நல்ல சொல், நல்ல செயல் என்ற மூன்றையே பலரும் இக்கேள்விக்கு விடையாகச் சொல்வார்கள். அவை உண்மைதான், ஆனால் அவற்றை மறுக்கும் சமயம் எது? இச்சமயத்தின் தனித்தன்மை வேறிடத்தில் இருப்பதாக நினைக்கிறேன். இச்சமயத்தைத் தோற்றுவித்த ஜரதுஷ்ட்ரர் பாடியவையாகக் கருதப்படும் காதா எனும் 17 பாடல்களில், காதால் கேட்டு, தெளிந்த மனத்தால் ஆராய்ந்து, ஒவ்வொருவரும் தமக்கான வழியைத் தாமே தெரிந்தெடுக்க வேண்டும் என்ற அழைப்பு வருகிறது. 'அஷா' எனப்படும் வாய்மையின் பக்கமா, 'த்ருஜ்' எனப்படும் பொய்யின் பக்கமா என்பதை ஒருவருக்காக மற்றொருவர் முடிவுசெய்ய இயலாது. உலகம் இச்சமயத்தின் கடவுளான அகுர மஸ்தாவின் நற்படைப்பு என்பதால் அதைத் துறப்பதில் பெருமை இல்லை. உழைத்து, ஈட்டி, இல்லறம் நடத்தி, அந்தப் படைப்பைக் காப்பதே அறம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வித்திட்ட ஜாம்ஷெட்ஜி டாட்டாவையும், 1952-இல் சென்னையில் சமூகப் பணிக் கல்லூரியைத் தொடங்கிய மேரி கிளப்வாலா ஜாதவையும் நினைத்தால், ஈட்டிய செல்வத்தையும் உழைப்பையும் ஊருக்குத் திருப்பித் தரும் அந்த மரபு விளங்கும்.

நண்பர் ஒருமுறை தம் சுத்ரேயைக் காட்டினார். பார்சிகள் உள்ளே அணியும் வெள்ளைப் பருத்திச் சட்டை அது. அதன் கழுத்தருகே விரல்நுனி அளவில் ஒரு சின்னஞ்சிறு பை தைத்திருக்கிறது. செய்த நற்செயல்களைச் சேர்த்துவைப்பதற்காம். "இவ்வளவு சிறியதாகவா?" என்று கேட்டேன். "நிரம்பினால் பெரிதாகத் தைத்துக்கொள்ளலாம், இதுவரை தேவைப்படவில்லை" என்றார்.

ஆகவே விழுமியங்கள் பழசாகிவிட்டனவா என்பது எனக்குச் சிக்கலான கேள்வியாகப் படவில்லை. தாமே தெரிந்தெடுப்பதை இவ்வளவு உயர்த்திய ஒரு சமயம், இந்தியாவில் பிறப்பைக் கொண்டு எல்லை வகுத்துக்கொண்டதே சிக்கல். 1908-இல் பம்பாய் உயர் நீதிமன்றம், ஜொராஸ்ட்ரிய சமயம் பிறரைச் சேர்த்துக்கொள்ள இடம் தருகிறது என்று ஏற்றுக்கொண்டபோதும், இந்தியப் பார்சிகளிடையே அவ்வழக்கம் இல்லை என்று சொல்லி, தந்தை பார்சியாக இருந்தால் பிள்ளைகளைச் சமூகத்துக்குள் ஏற்கலாம் என்ற அளவில் நின்றது. வெளியே மணம்புரிந்த பார்சிப் பெண்ணின் பிள்ளைகளுக்கு அந்த ஏற்பு கிடைக்கவில்லை. அப்படி மணந்த ஒரு பெண் தம் பெற்றோரின் இறுதிச் சடங்கில் கலந்துகொள்ளும் உரிமைக்காக உச்ச நீதிமன்றம் வரை போக நேர்ந்தது; 2017-இல்தான் வல்சாட் பார்சி அறக்கட்டளை அதற்கு இசைந்தது. இதற்கிடையில் 1941-இல் 1,14,000-ஐத் தாண்டியிருந்த பார்சிகளின் எண்ணிக்கை 2011 கணக்கெடுப்பில் 57,264 ஆகிவிட்டது. பிள்ளைப்பேற்றை ஊக்குவிக்க அரசே 2013-இல் 'ஜியோ பார்சி' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. தாமதத் திருமணம், மணம்புரியாமை, வெளிநாடு செல்லுதல் எனக் காரணங்கள் பல. பிறருக்கு மூடிய கதவு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது நியாயமாகாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அயல்மண்ணில் தம்மைக் காத்த வேலியை எளிதில் பிடுங்கிவிட முடியாது என்ற அவர்களுடைய அச்சமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அதே சமயத்தின் தாயகமான ஈரானில் 2011 முதல் பெண்கள் சிலர் துணைக் குருக்களாகப் பொறுப்பேற்றிருக்கிறார்கள். ஈராக்கியக் குர்திஸ்தானில் கடந்த பத்தாண்டுகளில் சிலர் தாமே விரும்பி இச்சமயத்தைத் தழுவியிருக்கிறார்கள்.

இன்றைய உலகம் இச்சமயத்தை மிகக் கடுமையாகச் சோதித்தது இறுதிச் சடங்கில்தான். மண், நீர், நெருப்பு மூன்றும் புனிதமானவை, பிணத்தால் அவை மாசுபடக் கூடாது என்பதால் உடலைத் தக்மா எனும் கோபுரத்தில் கழுகுகளுக்கு வைத்தார்கள். சூழலியல் பேசும் இக்காலத்தில் இதைவிடப் பொருத்தமான கொள்கை இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்லோஃபெனாக் மருந்து, அவற்றின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்து, இந்தியாவில் அவற்றை ஏறக்குறைய அழித்தேவிட்டது; 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடைசெய்தபோது மும்பை மலபார் குன்றில் தக்மாக்கள் உள்ள டுங்கர்வாடியின் வானம் ஏற்கெனவே வெறுமையாகியிருந்தது. சூரிய ஒளியைக் குவிக்கும் ஆடிகளை வைத்துப் பார்த்தார்கள். மழைக்காலத்தில் அவை எப்படி உதவும்? ஈரானியர்களோ முன்னரே தக்மாவை விட்டு, உடல் மண்ணைத் தொடாதபடி சிமெண்டு பூசிய குழிகளுக்கு மாறிவிட்டார்கள். மண்ணைக் காக்கும் கொள்கை அங்கே நிலைத்தது, முறை மாறியது.

நண்பரின் தாயார் டுங்கர்வாடிக்குத்தான் சென்றார். நண்பரோ தம்மை வொர்லி மின்மயானத்துக்குக் கொண்டுபோகும்படி எழுதிவைத்திருக்கிறார். அங்கே 2015 முதல் ஒரு பிரார்த்தனைக் கூடமும் இருக்கிறது. மின்தகனத்தில் சுடர் இல்லை, ஆகவே நெருப்பை மாசுபடுத்தியதாகாது என்பது அவர் வாதம். அவருடைய அத்தைக்கு இது இன்னும் தெரியாது.