பெரிய கேலக்ஸி சின்னதை விழுங்கும்போது நட்சத்திரங்கள் மோதிக்கொள்ளாதா?

மோதாது. கேலக்ஸி என்பது கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு பெரிய கூட்டம். சூரியனை ஒரு மிளகு என்று வைத்துக்கொண்டால், அடுத்த நட்சத்திரம் சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி இருக்கும், அதாவது சென்னையில் ஒரு மிளகு, புதுச்சேரிப் பக்கம் இன்னொன்று. இப்படி இரண்டு கூட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தால் எது எதில் இடிக்கும்? வாயு மேகங்கள் மட்டும்தான் முட்டிக்கொள்ளும், அதில் புது நட்சத்திரங்கள் பிறக்கும்.

அப்புறம் எப்படித்தான் விழுங்குகிறது என்றால், சின்ன கேலக்ஸி பெரியதைச் சுற்றிக்கொண்டே வேகத்தை இழக்கிறது. அது போகிற வழியில் இருக்கும் நட்சத்திரங்களையும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளையும் தன் ஈர்ப்பால் இழுக்கிறது. ஆனால் அவை வந்து சேர்வதற்குள் அது தாண்டிப் போயிருக்கும். தேர் நகர நகரப் பின்னால் கூட்டம் சேருகிற மாதிரி. அந்தக் கூட்டத்தின் ஈர்ப்பு அதைப் பின்னோக்கி இழுக்க, சுற்று சுற்றாக உள்ளே இறங்குகிறது. இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர், 1943-இல். அவர் யோசித்தது நட்சத்திரக் கூட்டத்துக்குள் ஓடும் ஒரு நட்சத்திரத்தைப் பற்றி, அதே கணக்கு கேலக்ஸிக்கும் பொருந்தியது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் பெருமையாக இருக்கும்.

இறங்க இறங்க, சின்னதில் பெரியதை நோக்கிய பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இழுபட்டு, நூல் பிரிவது போல நீண்டுவிடும். இது நாம் இருக்கும் கேலக்ஸியான பால்வீதியிலேயே இப்போது நடக்கிறது. 1994-இல் கண்டுபிடித்த தனுசு குறுங்கேலக்ஸியின் நட்சத்திரங்கள் பால்வீதியைச் சுற்றி நீண்ட ஓடையாகக் கிடக்கின்றன.

5.4 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் எம்87 போன்ற ராட்சதர்களும் இப்படித்தான் வளர்ந்தார்கள். கேலக்ஸிக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பதால் இரை தானாகவே வந்து சேருகிறது. பால்வீதியில் கோளக் கொத்துகள் (உருண்டையாக நெருங்கியிருக்கும் நட்சத்திரக் கொத்துகள்) 150-க்குச் சற்று மேல், எம்87-இல் பத்தாயிரத்தைத் தாண்டும். அவற்றில் பெரும்பகுதி விழுங்கியவற்றிலிருந்து வந்தவை என்று கருதுகிறார்கள்.

பால்வீதியும் சும்மா இல்லை. சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் கணிசமான ஒரு கேலக்ஸியை விழுங்கியிருக்கிறது. நட்சத்திரங்களின் இடத்தையும் ஓட்டத்தையும் அளந்த காயா விண்கலத்தின் அளவீடுகளிலிருந்து 2018-இல்தான் இது தெரிந்தது: ஏராளமான நட்சத்திரங்கள் சூரியனைப் போல வட்டமாகச் சுற்றாமல், மையத்தை நோக்கிப் பாய்ந்து மறுபடி வெளியே போய்க்கொண்டிருந்தன. வந்த வழி இன்னும் அவற்றின் ஓட்டத்தில் இருக்கிறது.

விழுங்கப்பட்ட ஒன்றின் நடுப்பகுதியை நீங்களே பார்க்கலாம். ஒமேகா சென்டாரி. 17,000 ஒளியாண்டு தூரம், சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள்; வேதியியல் கலவை ஆளுக்கு ஆள் மாறுவதால், இது கொத்தாகப் பிறந்ததல்ல, உரிக்கப்பட்ட கேலக்ஸியின் மையம் என்றே பலர் நினைக்கிறார்கள். நான் ஊரில் மொட்டை மாடியிலிருந்து சாதாரண பைனாகுலரில் பார்த்தேன். பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல ஒரு வெளிறிய உருண்டை, ஓரம் மெல்லக் கரைந்துபோயிருந்தது, பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். மே மாதம் நடுவில், இரவு பத்து மணி வாக்கில், சித்திரை நட்சத்திரத்துக்கு நேர் கீழே, தெற்குத் தொடுவானத்திலிருந்து தலை உச்சி வரையிலான உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் தேடுங்கள். நிலா இல்லாத நாளாகப் பாருங்கள்.